பாதி சுரண்டிய கம்பி

பள்ளிக்கூடத்து லேபைப் பெருக்கித் துடைப்பவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பளபளம்மா. அவள் கை பட்ட குடுவையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வீட்டுக்காரர் தையல்காரர், அவளுக்கு நேர் எதிர். சட்டை தைப்பார், பொத்தான் வைக்க மறப்பார். நல்ல ஜோடி என்று தெருவே சிரிக்கும்.

லேப் உதவியாளர் வேலை காலியானது. தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு குட்டி மோட்டாரைச் சுத்த வச்சுக் காட்டுங்க, வேலை உங்களுக்குத்தான்" என்றார். பன்னிரண்டு வருஷமாகத் துடைத்த மேசைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

சாயங்காலம் வீட்டில் பேட்டரியின் இரு முனையிலும் ஊக்கைக் கட்டி, மேலே காந்தத்தை வைத்தாள். தாமிரக் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றி, இரண்டு நுனியிலும் கரண்டைத் தடுக்கும் வார்னிஷ் பூச்சை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி, ஊக்குத் துளைகளில் மாட்டினாள். சுருள் வெடுக்கென்று புரண்டது, நடுங்கியது, நின்றது. இன்னும் பளபளப்பாகத் தேய்த்தாள். பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் அதே நடுக்கம்தான்.

இன்னொரு சுருள் சுற்றினாள். ஒரு நுனியை முழுக்கச் சுரண்டி முடித்தபோது அடுப்பில் பால் பொங்கியது. "என்னங்க, அந்த நுனிய நீங்க சுரண்டுங்க!" என்று ஓடினாள். அவர் சுருளை நிமிர்த்திப் பிடித்து அந்த நுனியின் மேல்பக்கம் மட்டும் சுரண்டினார். வாசலில் யாரோ கூப்பிட, போட்டது போட்டபடி எழுந்து போனார்.

அவர் திரும்பி வந்தபோது அவள் கையில் சுருள் இருந்தது. அடிப்பக்கம் முழுக்க வார்னிஷ்.

"இதையாவது உருப்படியா முடிச்சீங்களா? உங்க லட்சணத்த நீங்களே பாருங்க!" என்று அதை ஊக்கில் மாட்டி, கோபத்தோடு ஒரு தட்டுத் தட்டினாள்.

சுருள் சுற்றியது. விடாமல் சுற்றியது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. பிறகு அதை நிறுத்தி, விரலால் மெல்ல மெல்லத் திருப்பிப் பார்த்துச் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டாள்.

மறுநாள் தலைமை ஆசிரியை கேட்டார்: "ஏன் ஒரு நுனியப் பாதியில விட்டீங்க?"

"கரண்ட் ஓடுனா சுருளே காந்தமாயிடுது டீச்சர். கீழ இருக்கிற காந்தம் அத இழுக்குது. முழுக்கச் சுரண்டினா இழுத்த இடத்துலயே பிடிச்சு வச்சுக்குது. பாதி வார்னிஷ விட்டா, அந்தப் பக்கம் ஊக்குல படும்போது கரண்ட் நின்னுடும். ஓடின வேகத்துலயே தாண்டிடும். அப்புறம் மறுபடி கரண்ட், மறுபடி இழுப்பு."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"எங்க வீட்டுக்காரர். அவருக்கே தெரியாம."

அன்று வீட்டில் அவர் பாதி கழுவிய தட்டைக் கவிழ்த்துவிட்டு, "அப்போ இனிமே எதையும் பாதி செஞ்சா போதும், இல்ல?" என்றார்.

"மோட்டார் வேற, தட்டு வேற. முழுசாக் கழுவுங்க" என்றாள் புது லேப் உதவியாளர், சிரிப்பை அடக்க முடியாமல்.