காத்தாடி விமானமும் கறுப்புக் கால்சட்டையும்

என் கணவரின் அண்ணன் அந்த விமானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இலையில் சோறு ஆறிப்போகும். பார்த்தவள் நான். என்னிடம்தான் யாரும் கேட்கவில்லை.

அவர் பட்டாளத்தில் இருந்தவர். சீனச் சண்டையில் மலைமேல் குழிக்குள் கிடந்து, நம் விமானம் ஒன்றாவது உதவிக்கு வராதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர். வரவே இல்லை. அந்த ஆற்றாமையில்தான் வியட்நாம் செய்தி வரும் நாளெல்லாம் பேப்பரில் ஸ்கைரெய்டர் என்ற பேரைத் தேடுவார். ஜெட் வந்துவிட்ட காலத்திலும் மூக்கில் காத்தாடி சுற்றுகிற பழைய விமானம் அது. மெதுவாகப் பறப்பதால் கீழே இருப்பதைப் பார்த்துக் குறிவைக்குமாம். றெக்கையில் ஓட்டை விழுந்தாலும் வீடு திரும்புமாம். மாட்டிக்கொண்ட சிப்பாய் கூப்பிட்டால் வந்து மணிக்கணக்கில் தலைக்கு மேலேயே சுற்றுமாம். "அதுல்ல பிளேனு!" என்பார்.

நாங்கள் அப்போது வியட்நாமில், சைகோனில் இருந்தோம். கணவருக்கு ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பக்கத்து வீட்டில் அந்த ஊர்க்கார அக்கா ஒருவர் தனியாக இருந்தார். எனக்குப் பிரசவம் பார்த்தவர். பாதி பாஷை புரியாமலேயே இருவரும் சண்டை போட்டுக்கொள்வோம், அவ்வளவு பழக்கம்.

அறுபத்தெட்டில் அந்த ஊர்ப் புத்தாண்டு நேரத்தில் சண்டை ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் எங்களுக்குப் பின்தெரு வீடுகளில் புகுந்துகொள்ள, அரசாங்கப் படை விமானத்தைக் கூப்பிட்டது. கணவர் கடையில் மாட்டிக்கொண்டார். வந்தது அந்தக் காத்தாடி விமானம்தான். ஜெட் என்றால் சத்தம் வருவதற்குள் போய்விட்டிருக்கும். இது சுமை லாரி மேடேறுவது போல உறுமிக்கொண்டு வந்தது, சுற்றியது, போகவே இல்லை. அக்கா தன் கட்டிலுக்கடியில் பள்ளம் தோண்டி மணல்மூட்டை அடுக்கியிருந்தார். ஒரு ஆளுக்கான இடம். என்னையும் கைக்குழந்தையையும் அதற்குள் தள்ளிவிட்டு, பள்ளத்தின் வாயை அடைத்தாற்போல வெளியே படுத்துக்கொண்டார்.

குண்டு பின்தெருவில்தான் விழுந்தது. குறி தப்பவில்லை. எங்கள் தெருக் கூரைகளும் சேர்ந்து இறங்கின. என்னையும் பிள்ளையையும் உயிரோடு இழுத்து எடுத்தார்கள். அக்காவுக்குத் துணி போர்த்தினார்கள்.

அந்த வருஷமே கணவரின் ஊரான நாச்சியாபுரத்துக்கு வந்து சேர்ந்தோம். என் புகுந்த வீட்டில் வருஷா வருஷம் வீட்டுச்சாமி கும்பிடுவார்கள். அகாலத்தில் போன வீட்டுப் பெண்களுக்குப் புதுச்சேலை வைத்துப் படையல் போடுவது வழக்கம். படைத்த சேலையை வீட்டுப் பெண்கள் கட்டிக்கொண்டுதான் பந்தி பரிமாற வேண்டும். கட்ட ஆளில்லாத துணியைச் சாமி முன்னால் வைக்கக் கூடாது.

அடுத்த வருஷக் கும்பிட்டில் அக்காவுக்கும் ஒரு பங்கு வைப்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. அக்கா சேலை கட்டி நான் பார்த்ததில்லை. அந்த ஊர்ப் பெண்கள் உடுத்துகிற தொளதொளக் கறுப்புக் கால்சட்டைதான், மேலே ஒரு சட்டை. காரைக்குடியில் துணி எடுத்து வந்து நானே தைத்தேன். பட்டுச்சேலைகளுக்கு நடுவில் அதை மடித்து வைத்ததும் வீடே கூடிவிட்டது.

"என்னத்தா இது, சாமி முன்னால கறுப்பு?" என்றார் கணவரின் அண்ணன்.

"சைகோன்ல எங்களுக்காகச் செத்தாகள்ல, அந்த அக்காவுக்கு."

"அவ நம்ம வீட்டுப் பொம்பளையா?"

"என் பிள்ளை மேல விழ வேண்டிய கூரையைத் தன் மேல வாங்கிக்கிட்டாக. வேற என்ன உறவு வேணும் அத்தான்?"

"உன்னையும் பிள்ளையையும் காப்பாத்துனது அந்தப் பிளேனு. அது வரலைன்னா தெரு முழுக்கச் சுட்டிருப்பாய்ங்க. கும்பிடணும்னா அதைக் கும்பிடு."

"நீங்க கும்பிடுங்க, நான் வேணாங்கலை. பிளேனு வராதான்னு கெடந்தவுக நீங்க. போகாதான்னு கெடந்தவ நான்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரையும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

"சரி, இந்தக் கால்சட்டையை யாரு உடுத்துவா? ஆளு இல்லேல்ல? அப்ப எடுத்துரு" என்றார் அண்ணன். கூட்டத்தில் சிரிப்பு.

நான் எடுக்கவில்லை. "படையல் முடியட்டும்" என்றேன்.

முடிந்தது. கற்பூரம் அணைந்ததும் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெளியே வரும்போது நான் கறுப்புக் கால்சட்டையில் இருந்தேன், நெற்றியில் குங்குமம், கையில் சோற்று வாளி. இரண்டு பேர் பந்தியை விட்டு எழுந்தார்கள். எழட்டும்.

அண்ணன் எழவில்லை. நான் குனிந்ததும் இலையைக் கையால் மறைத்துக்கொண்டார். நான் நகரவில்லை. பின்னால் பந்தி காத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் தலை நிமிராமலே கேட்டார்: "அந்த அம்மாவுக்குப் பிள்ளை குட்டி இருந்துச்சா?"

"ஒரே மகன். பட்டாளத்துல இருந்தான்."

"யாரு பக்கம்?"

"பிளேனைக் கூப்பிட்டாகள்ல, அந்தப் பக்கம்."

அவர் இலையிலிருந்து கையை எடுத்தார். நான் சோறு வைத்தேன்.