மெக்சிகோக்காரனுக்குக் குரல் கொடுத்தவன்

படம் பேசாத காலம் அது. திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் வேண்டும். பதுளையில் றஹீம் முதலாளி போட்டிருந்த பயாஸ்கோப் கொட்டகையில் அந்த ஆள் பாக்கியநாதன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் கொஞ்சம் ஆங்கிலம் படித்து, வாயை நம்பி டவுனுக்கு வந்தவன்.

வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தோட்டத்தில் அவனுக்குப் பெயர் கள்ளன் மகன். ஒருநாள் துரையின் வெள்ளிக் கடிகாரம் காணாமல் போயிற்று. சாட்சி இல்லை, தடயம் இல்லை. ஆனால் அவன் அப்பா மரியநாயகத்துக்குக் கறுத்த உடம்பும் முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் இருந்தன. கள்ளன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று துரைக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்க யாருக்குத் துணிச்சல்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் பார்க்க அடி விழுந்தது. "சாமி சத்தியமா நான் எடுக்கலைங்க தொரை, புள்ளகுட்டிக்காரனுங்க!" என்று மண்ணில் புரண்டு அழுதார். மறியலில் அடைக்கப்பட்டவர் அந்தச் சிறையிலேயே செத்துப்போனார்.

கொட்டகைக்கு வந்த அமெரிக்கப் படங்களில் மெக்சிகோக்காரன் ஒருவன் தவறாமல் வருவான். குதிரை திருடுவான், குடிப்பான், கடைசியில் யார் காலிலாவது விழுவான். அந்த நாட்டில் நிலத்தை உழுகிறவனும், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடுகிறவனும் கிடையவே கிடையாது போலிருக்கிறது! மெக்சிகோ எந்தத் திக்கில் இருக்கிறதென்று பாக்கியநாதனுக்குத் தெரியாது. அந்தக் கறுத்த முகத்தையும் மீசையையும் மட்டும் தெரியும்.

"தம்பி, இந்தக் கள்ளனத் தோட்டத்தாக்கள் மாதிரிப் பேச வையுங்க. சனம் சிரிச்சே சாகும்," என்றார் றஹீம்.

வைத்தான். கள்ளன் பிடிபடும் இடத்தில் ஒருநாள் வேறு பேச்சு வராமல், அப்பாவின் வார்த்தைகள் வாயில் வந்து விழுந்தன. கொட்டகையே அதிர்ந்தது. அதன் பிறகு அதைக் கைவிட அவனுக்கு மனம் வரவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த தோட்டத்துச் சனமும் சேர்ந்துதான் சிரித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

கோயில் திருநாளுக்கு மடுல்சீமையிலிருந்து நடந்தே வந்த அவன் தாய் இருதயம்மா, மகன் வேலை செய்கிற அழகைப் பார்க்கலாமென்று அவனுக்குச் சொல்லாமலே டிக்கட் வாங்கி உள்ளே போனாள். அவன் குரல் கேட்டதும் பெருமை தாங்கவில்லை அவளுக்கு. படம் முடியும் தறுவாயில் கள்ளனை இழுத்து வந்தார்கள்.

"சாமி சத்தியமா நான் எடுக்கலைங்க தொரை, புள்ளகுட்டிக்காரனுங்க!"

சிரிப்பு வெடித்தது. இருதயம்மா எழுந்து திரையின் முன்னால் ஓடினாள். அவள் நிழல் படத்தின் மேல் விழுந்தது.

"சிரிக்காதீங்க! அவரு எடுக்கலைங்க! மாதா மேல ஆணையா எடுக்கலைங்க!"

இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்த சனம் விசிலடித்து, விழுந்து விழுந்து சிரித்தது.

விளக்கு ஏற்றியதும் றஹீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஆர் தம்பி இந்தப் பொம்புள? நல்லா நடிக்கிறா. தெரிஞ்ச ஆளா?"

அம்மா என்று சொன்னால் கள்ளன் மகன் என்கிற பெயரும் டவுனுக்கு வந்துவிடும். தாய் எதிரிலேயே நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுங்க மொதலாளி. யாரோ தோட்டத்து ஆளு."

இருதயம்மா றஹீமைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஆமாங்க. தோட்டத்து ஆளுதாங்க. தெரியாமப் பேசிட்டேன்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். அவன் பின்னால் போகவில்லை.

மறுநாள் முதல், பிடிபடும் இடத்தில் பாக்கியநாதன் வாய் திறப்பதில்லை. மெக்சிகோக்காரன் ஊமையாகக் காலில் விழுவான். சனம் அதற்கும் சிரித்தது.