வானம் தெரிய வேண்டிய கூரை: போடி மலையில் ஒரு யூதக் குடும்பத்தோடு ஆறு நாள்

1910-இல், சாதாரண என்ற பெயருள்ள வருஷம் புரட்டாசிக் கடைசியில், பூஜை விடுமுறைக்கு நான் போடிநாயக்கனூர் மலைக்குப் போய் வந்தேன். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார் நான். ஏலக்காய் வியாபாரம் செய்யும் எலியா முதலாளி கடிதம் எழுதிக் கூப்பிட்டிருந்தார். அவர் கொச்சி யூதர். மனைவி ரிப்காளும் இரண்டு குழந்தைகளும் மலைமேல் ஏலத்தோட்டத்தில் இருந்தார்கள். அந்தப் பக்கத்தில் வேறு யூதக் குடும்பமே கிடையாது. பிள்ளைகள் தங்கள் வழக்கம் ஒன்றும் தெரியாமல் வளர்கிறார்கள் என்று, ஒன்பது வயது மகள் எஸ்தரைக் கொச்சியில் தன் தம்பி வீட்டில் விட முதலாளி தீர்மானித்திருந்தார். ரிப்காள் ஒரு தவணை கேட்டிருந்தாள். பௌர்ணமிக்குக் குடிசைப் பண்டிகை வருகிறது, அதைப் பிள்ளைகள் கையாலேயே செய்யவைத்துச் சொல்லித்தருகிறேன், வந்து பார்த்த பிறகும் போதாது என்று தோன்றினால் கூட்டிப் போங்கள் என்றாள். படம் போடச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும் என்றாளாம். அந்த ஆள்தான் நான்.

மதுரையில் காலை ஐந்தே முக்காலுக்கு ரயில். அம்மையநாயக்கனூர் வரை இருபத்தைந்து மைல், மூன்றாம் வகுப்பு ஐந்தணா. அங்கிருந்து பெரியகுளம், தேனி வழியாகப் போடிக்கு நாற்பத்தைந்து மைல் மாட்டுவண்டி, வாடகை மூன்று ரூபாய். மறுநாள் மாலை நாலு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இறங்கினேன்.

விடிந்ததும் நானும் சுமைகாரர் ஒருவரும் கிளம்பினோம். அடிவாரம் ஏழு மைல், அப்புறம் ஆறு மைல் ஏற்றம். சுமைக்கு வந்த ராசிங்காபுரத்து ஆளுக்கு எட்டணா. அவர் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமாகப் போக, நான் வெறுங்கையை வீசிக்கொண்டு மூச்சு வாங்கினேன். "வெரசா வாங்க சாமி, மத்தியானத்துக்கு மேல மஞ்சு எறங்கிரும்" என்று மூன்று தரம் சொன்னார். சொன்னபடியே மூடுபனி இறங்கியது. பிற்பகல் இரண்டரைக்குத் தோட்டத்தில் இருந்தேன்.

முதல் நாளே மூக்குடைபட்டேன். கடவுளைத் தாடியோடு மேகத்தின் மேல் உட்காரவைத்து ஒரு மாதிரிப் படம் வரைந்து காட்டினேன். ரிப்காள் சிரித்துவிட்டாள். வாத்தியாரைக் கொச்சி வழக்கப்படி மாஷ் என்றுதான் கூப்பிடுவாள். "மாஷே, ஞங்கள் கடவுளை வரையறதில்லை. அவர் கொடுத்த பழத்தை வரைஞ்சா போதும்" என்றாள். தன் முன்னோர் அடிமைத்தனத்திலிருந்து தப்பி நாற்பது வருஷம் பாலைவனத்தில் குடிசை போட்டுப் போட்டு நடந்த கதையை, அவள் சொன்னதெல்லாம் வேலைக்கு நடுவில்தான். மூங்கில் நடும்போது கொஞ்சம், களிமண் பிசையும்போது கொஞ்சம். அவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த நாட்டின் பழங்களைப் பிள்ளைகள் மண்ணில் உருட்டி வர்ணம் பூசினார்கள். மாதுளை வந்தது, அத்தி வந்தது. ஒலிவக்காயை யாரும் பார்த்ததில்லை. எஸ்தர் ஒரு நெல்லிக்காயைச் செய்து, "இதான் எங்கூரு ஒலிவம்" என்று வைத்தாள். ஐந்து வயது தானியேல் ஏலக்காயை நூலில் கோத்தான், பாதியைத் தின்றான். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிரம்பை வைத்துக்கொண்டு நான் கற்றுக்கொடுத்த விதம் அப்போது எனக்கே கசந்தது.

நாலாம் நாள் பண்டிகை. சூரியன் மறைந்தால் ஆரம்பம், அதற்குப் பிறகு எந்த வேலையும் செய்யக்கூடாது. குடிசை தயாராக நின்றது. ஆனால் கூரையில் ஏலத்தழையை அள்ளித் தெளித்தாற்போல் போட்டிருந்தார்கள், எங்கு பார்த்தாலும் சந்து. மூன்று மணிக்கு மேகம் திரண்டது. ரிப்காள் அடுப்படியில் இருந்தாள், பிள்ளைகள் ஓடைக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். கூலிக்காரர்களின் சாவடிகளுக்குக் கூரை மேய்கிற கருப்பையா அந்த வழியாக வந்தார்.

"என்னண்ணே, பச்சப்புள்ளைக ஒக்காந்து சாப்புடப் போற எடம் இப்பிடியா ஒழுகும்?" என்றார் என்னிடம்.

"நல்லா மேய்ந்துவிடுங்களேன்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு சொட்டு இறங்காதபடி போதைப்புல் என்கிற கூரைப்புல்லால் மேய்ந்து முடித்தார். இருவரும் நின்று அழகு பார்த்தோம்.

வியாபாரத்துக்காக வெளியூர் போயிருந்த எலியா முதலாளி ஐந்தேகாலுக்கு மலையேறி வந்தார். நேரே குடிசைக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. வெளியே வந்த ரிப்காளிடம், "இது பண்டிகைக் குடிசையா, காய் ஒணத்துற சாவடியா? இதுக்குத்தான் தவணை கேட்டியா?" என்றார். அவள் அப்போதுதான் கூரையைப் பார்த்தாள். நான் கருப்பையாவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஒரு பெண்ணைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டேனே என்று நினைத்தேன்.

ஈரத்தலையோடு எஸ்தர் வந்தாள். பார்த்தாள். அப்பாவிடம் போகவில்லை, கருப்பையாவிடம் போனாள்.

"அண்ணே, இதப் பிரிக்கணும். வானம் தெரியணும்."

"மழ வருது ஆத்தா. நனஞ்சிருவீக."

"நனையட்டும்ண்ணே. வீடில்லாம நடந்தவுகள நெனைக்கத்தான் இதக் கட்டுறது. வீடு கணக்காக் கட்டிட்டா என்னத்த நெனைக்கிறது?"

கருப்பையாவே ஆவணியில் மலையேறினால் தையில்தான் ஊர் திரும்புகிறவர். "அதுஞ்சரிதான்" என்று சொல்லி ஏணியை எடுத்தார். பொழுது சாய அரைமணிதான் இருந்தது. எஸ்தர் கீழிருந்து இழுத்தாள், நான் இழுத்தேன், கடைசியில் முதலாளியும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். பிரித்து முடித்து ஏலத்தழையைப் பரப்பியதும் ரிப்காள் விளக்கேற்றினாள். தூறலுக்கும் மஞ்சுக்கும் நடுவே நிலா வந்து வந்து போனது. சோற்றில் தண்ணீர் சொட்டியது. தானியேல் அதை எண்ணிக்கொண்டே சாப்பிட்டான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐப்பசி மழை வலுக்கும் முன்பே ஏறி இறங்கிவிடுங்கள். அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் முடிந்துகொள்ளுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குத் தண்டனை, ஒரு தடி அவசியம். முக்கியமாக, அடுத்தவர் வீட்டில் ஏதாவது குறையாகத் தெரிந்தால், கை வைக்கும் முன் அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

பண்டிகையின் மூன்றாம் நாள் காலை முதலாளியும் நானும் சேர்ந்து இறங்கினோம். பாதி வழியில், "மேயச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும். கருப்பையா சொன்னான்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீங்க மேயச் சொல்லலைன்னா எஸ்தருக்கு இவ்வளவு தெரியும்ங்கறது எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

போடியில் அவர் சொல்லி வைத்திருந்த வண்டி நின்றது. வைக்கோல் பரப்பி மேலே சமுக்காளம் விரித்திருந்தார் வண்டிக்காரர். எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பாப்பாவும் வருதுன்னீகளே மொதலாளி?"

"அவ வரல. அவளுக்கு மலைமேல சோலி கெடக்கு. தானியேலுக்கு அவதான் சொல்லிக் குடுக்கணும்" என்றவர், என் பக்கம் திரும்பி, "ஏறுங்க வாத்தியாரே, வெயில் ஏறுது" என்றார்.