முடிவுக் கோட்டின் முன் நின்றவர்

காலையில் மீன்பிடிச் சங்கத்துக் கந்தோரைத் திறந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. புத்தளத்திலிருந்து ஹனீபா நானாவின் மகன் றிஸ்வான்.

“அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டார். விடிய நெஞ்சு நோகுதெண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே முடிஞ்சுது. லுஹர் தொழுகையோட அடக்கம்.”

லுஹர் என்றால் நண்பகல். யாழ்ப்பாணத்தில் எந்த பஸ் ஏறினாலும் புத்தளம் போய்ச்சேரப் பின்னேரமாகும். நான் வரும்வரை வைத்திருங்கள் என்று கேட்க அவர்களுடைய வழக்கத்தில் இடமில்லை. கேட்க நான் யார்? “ஓம் தம்பி” என்று மட்டும் சொன்னேன். கந்தோரைத் திரும்பப் பூட்டிவிட்டு, முகம் பார்க்கக் கிடைக்காது என்று தெரிந்துகொண்டே பஸ் ஏறினேன். வழி முழுக்க எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. யாரோடு என்று தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்ட ஹனீபா அவர்கள் யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்தவர், தையற்காரர். தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் வைத்திருந்தவர்கள் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது, புது மனைவியோடு உடுத்த உடுப்புடன் நடந்து போனவர். அது தமிழரான எங்கள் பெயரால் நடந்த அநியாயம். அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். புத்தளத்து முகாமில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். போர் முடிந்து சில வருடங்களில் தனியே திரும்பி வந்து, ஐந்துசந்திப் பக்கம் ஒரு சிறு கடையை வாடகைக்கு எடுத்துத் தைத்தார். கடைக்குப் பின்னால் படுத்தார். மனைவியும் பிள்ளைகளும் வரவில்லை. படிப்பு, வேலை, கலியாணம் எல்லாம் அங்கேதான் அமைந்துவிட்டன. “எங்களுக்கு ஊர் புத்தளம்தான் வாப்பா” என்று றிஸ்வான் சொன்னதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். “பிள்ளையளைக் குறை சொல்ல ஏலாது அன்ரன். அதுகள் பிறந்த மண் அது” என்பார். சொல்லிவிட்டு அன்று முழுவதும் தையல் மெசினை விட்டு எழும்பமாட்டார்.

எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது சீனி வருத்தம். நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னார்; நானா ஓடத் தொடங்கினார், என்னையும் இழுத்துக்கொண்டார். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும், முழங்கால் தெரியாமல் தானே தைத்த நீளக் களிசானோடு குருநகர்க் கடற்கரை வீதிக்கு வருவார். மீன் வாங்க நிற்கும் எங்கள் பெண்கள் சும்மா விடுவார்களா?

“என்ன நானா, பஸ்ஸை விட்டிட்டியளோ?”

“ஓம் பிள்ளை, தொண்ணூறாம் ஆண்டு விட்டது. இப்பவும் துரத்துறன்.”

அவர்கள் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தேன்.

சோனகத்தெருவால் ஓடும்போது ஓரிடத்தில் மட்டும் அவர் நடப்பார். நல்ல தார் வீதி, குழி குண்டு ஒன்றுமில்லை. “ஏன் நானா, உதிலை மட்டும் நடக்கிறியள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“றோட்டை அகலமாக்கேக்கை எங்கடை முன் அறை இதுக்குள்ளை போயிட்டுது. வீட்டுக்குள்ளை ஆரும் ஓடுவினமே?” என்றார்.

பக்கத்தில் மிச்சமாக இரண்டு சுவரும் எருக்கலைப் பற்றையும் நின்றன. அந்தச் சுவர்களால்தான் அவருக்கு வினை. அடையாள அட்டையில் அவருடைய விலாசம் புத்தளம். அதை மாற்ற அவர் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. வீடு இல்லாத காணியில் ஆளை எப்படிப் பதிவது என்று கேட்டார்கள். வாடகைக் கடையில் குடியிருக்க முடியாது என்றார்கள். புத்தளத்தில் அவர் யாழ்ப்பாணத்தார், இங்கே புத்தளத்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

யாழ்ப்பாணத்தில் நடக்கும் பெரிய வீதியோட்டத்துக்கு அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் அவர் பெயர் கொடுத்தார். எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. ஆனாலும் எல்லோரும் ஒன்றாகத்தான் ஓடினோம். அவர் மாதக்கணக்காக ஓடிப் பழகியிருந்தார். ஓட்டம் முடியும் முற்றவெளி மைதானத்துக்குள் திரும்பும்போது அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருடைய வயதுக்காரர்களில் இரண்டே பேர்தான் அவருக்கு முன்னால். மூன்றாம் பரிசு கைக்கெட்டிய தூரத்தில்.

அப்போது ஒலிபெருக்கி சொன்னது: “அடுத்ததாக, புத்தளத்திலிருந்து எங்கள் மண்ணுக்கு விருந்தினராக வந்து ஓடும் ஹனீபா அவர்கள்! பலத்த கரகோஷம் கொடுங்கோ!”

நானா நின்றுவிட்டார். முடிவுக் கோட்டுக்கு நாலு எட்டு இருந்தது. அறிவிப்பாளரின் மேடையைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“தம்பி, நான் விருந்தாளி இல்லை. சோனகத்தெரு. திருப்பிச் சொல்லுங்கோ.”

“ஐயா, லிஸ்ற்றிலை புத்தளம் எண்டுதான் கிடக்கு. நீங்கள் ஓடுங்கோ!”

நான் மூச்சிரைக்கப் பின்னால் வந்து கத்தினேன்: “நானா, தாண்டிப்போட்டுக் கதையுங்கோ!”

“தாண்டினாப் பிறகு ஆர் கேப்பினம்?” என்றார்.

அவரைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். அவருடைய வயதுக்காரர் ஒருவரும் தாண்டிப் போனார். சனத்துக்குள் யாரோ “வயசு போன வீம்பு” என்றது எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும். கடைசியில் அறிவிப்பாளர், தொல்லை விட்டால் போதும் என்ற குரலில், “சரி, சோனகத்தெரு ஹனீபா” என்றார். நானா அதற்குப் பிறகுதான் நகர்ந்தார். பரிசு போய்விட்டது.

மறுநாள் கடற்கரையில் நான் அவரை ஏசினேன். அவர் வாதாடவில்லை.

“பரிசு போனது பரவாயில்லை. சொன்னாப் பிறகும் சந்தோசம் வரேல்லை, அன்ரன். கேட்டு வாங்கினதுதானே.”

போன கிழமை பேரப்பிள்ளையைப் பார்க்கப் புத்தளம் புறப்பட்டவர், “என்னை இஞ்சைதான் அடக்க வேணும், மகனிட்டைச் சொல்லிப்போட்டன்” என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். றிஸ்வான் என்ன செய்வார், பாவம்? அவ்வளவு தூரம் கொண்டுவர நேரமில்லை, தாயும் அங்கே. நியாயம் எனக்கு விளங்குகிறது. மனம் ஆறவில்லை.

நான் போய்ச்சேர்ந்தபோது வெள்ளை மணல் மேடாக இருந்தது. ஒரு பச்சைக் கொப்பு குத்தியிருந்தார்கள். எங்கள் முறையில் சிலுவை போட்டுக்கொள்ளலாமா என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டில் றிஸ்வான் மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் புத்தளத்தை வசிப்பிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, “சரிதானே அங்கிள்?” என்று வாசித்துக் காட்டினார். நான் வாயைத் திறக்குமுன், கணவனை இழந்த பெண்கள் வெளியார் முன் வராதிருக்கும் இத்தாவில் இருந்த அவருடைய தாயாரின் குரல் உள்ளறையிலிருந்து வந்தது. நானாவின் ஓட்டத்தையும் யாழ்ப்பாணத்தையும் ஒரு நாளும் மெச்சாத மனுசி.

“வசிப்பிடமும் யாழ்ப்பாணம் எண்டே போடுங்க, மகன். இந்த வீட்டுக்கு அவர் வந்து வந்து போனவர்தான்.”

றிஸ்வான் ஒரு சொல்லை வெட்டினார், ஒரு சொல்லை எழுதினார். தாய் உள்ளே அழுதது எங்களுக்குக் கேட்டது.

அச்சடித்த தாளை நான்தான் கொண்டுவந்து சோனகத்தெருவில் அந்த இரண்டு சுவர்களில் ஒன்றில் ஒட்டினேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

“ஆர் அண்ணை உவர்? புத்தளத்து ஆளோ?”

“எழுதியிருக்கு, வாசியுங்கோ” என்றேன்.

அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு முழுவதையும் வாசித்தார். நானா, உங்களுக்காக இந்தமுறை நான் கேட்டு வாங்கவில்லை. உங்கள் மனைவி தானாகத் தந்தார். நிம்மதியாக உறங்குங்கள்.