டிரைவர் வீட்டுக் கண்டக்டர்

அவள் குரலுக்குத் தெருவே பழகிப்போயிருந்தது. முதியவர்களையும் நடமாட முடியாதவர்களையும் அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது என்று கை ஒரு பக்கம் ஓடினால் வாய் அதைவிட வேகமாக ஓடும். காது நன்றாகக் கேட்கிறவர்களிடமும் கத்தித்தான் பேசுவாள். "கொஞ்சம் மெதுவா பேசேன்" என்று புருஷன் கெஞ்சினால், "இதுதாங்க மெதுவா" என்பாள்.

காலையில் முதல் வீடு டிரைவர் வீடு. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மனைவி இல்லை, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள்தான் துணை. அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒரு முறை உண்டு. அவர் இடுப்பில் அகலமான பட்டையைக் கட்டி, எதிரே நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு... ரெண்டு... எழுந்திருங்க!" என்று குரல் கொடுக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் எடையே தெரியாது. ஒருவர் பிந்தினாலும் போச்சு, இருவரும் கட்டிலில்தான் விழ வேண்டும்.

அவள் குரலுக்கு அவர் ஒரு நாளும் பிந்தியதில்லை.

"பஸ்ல ரெண்டு விசில்னா கிளம்பணும், ஒரு விசில்னா நிறுத்தணும். வாழ்க்கையில நான் ஒழுங்கா கேட்டு நடந்த பேச்சு அது ஒண்ணுதான். இப்போ உன் பேச்சு, கண்டக்டர்" என்பார். அப்படித்தான் அவள் கண்டக்டர் ஆனாள். அவர் டிரைவர் சார்.

இந்த நேரத்தில்தான், ஒரு நாள் தனியாக அப்பாவை எழுப்பப் போய் மகள் அவரோடு சேர்ந்து தரையில் விழுந்தாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"முதியோர் இல்லத்துல ஒரு ரூம் காலியா இருக்காம் அக்கா" என்றாள் கண்டக்டரிடம். "சனிக்கிழமை நான் வீட்லதான் இருப்பேன். ஒரே ஆளால முடியுதுன்னு நீங்க காட்டுங்க, நானும் கத்துக்கறேன். இல்லேன்னா அங்கேயே சேர்த்துடலாம். மறுபடி அப்பாவைக் கீழே போட என்னால முடியாது." சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? டிரைவர் சார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நேரமும் வம்பளக்கிற மனுஷன் வாயைத் திறக்காததைத்தான் கண்டக்டரால் தாங்க முடியவில்லை.

ஆனால் விதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளையாடியது. அவள் பார்த்துக்கொள்ளும் இன்னொரு வீட்டுப் பையன் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுகிறவன். அன்று அவனுக்கு இறுதி ஆட்டம். இவள் போனாள். போனவள் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கலாம் அல்லவா? கோப்பையும் வந்தது, தொண்டையும் போனது.

சனிக்கிழமை காலை அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பட்டையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். அவர் பிந்தினார். இருவரும் பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தார்கள். இன்னொரு முறை. மறுபடியும் பொத்து. மகள் இல்லத்துக்குப் பேசப் போனைக் கையில் எடுத்தாள். கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

டிரைவர் சார்தான் சொன்னார். "கண்டக்டருக்குத் தொண்டை எதுக்கு? விசில் அடி."

அவள் உதட்டைக் குவித்து இரண்டு விசில் அடித்தாள்.

எழுந்துவிட்டார்! வண்டி கிளம்பிய மாதிரி அப்படியே எழுந்துவிட்டார். இனி திரும்பி நாற்காலியில் உட்கார வேண்டியதுதான் பாக்கி. அவரோ இடது காலை முன்னால் வைத்தார். வலது காலை இழுத்துக்கொண்டார். மறுபடி இடது. நோய் வந்த நாளிலிருந்து ஓர் அடி எடுத்து வைக்காத மனுஷன்! கண்டக்டர் பட்டையை விடாமல் பின்பக்கமாகவே நடந்தாள்.

"அப்பா, நாற்காலி! நாற்காலி அங்கே இருக்கு!" என்று கத்தியபடி மகள் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டரின் முதுகு அறைக் கதவில் இடித்த பிறகுதான் ஊர்வலம் நின்றது.

"ஏன்ப்பா நிக்கவே இல்ல?"

அவருக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. "நான் எப்படி நிறுத்துவேன்? கண்டக்டர்தான் ஒத்த விசில் கொடுக்க மறந்துட்டாளே!"

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஓடிப்போய் நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் போட்டாள். கண்டக்டர் ஒரே ஒரு விசில் அடித்தாள். டிரைவர் சார் ஒழுங்காக உட்கார்ந்தார்.

மகள் போனில், "அந்த ரூமை வேற யாருக்காவது கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்து, அப்பாவின் எதிரே நின்று உதட்டைக் குவித்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது.

"பரவாயில்லை, புதுக் கண்டக்டர்தானே" என்றார் அவர். "வண்டி எங்கேயும் போகாது. நிதானமா கத்துக்கோ."