தலைவர் டி-ஷர்ட்

காலையில் அருள்புரம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நாடக மன்றச் செயலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் டீக்கும் அவரே காசு கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

“ஏனுங்க, இந்த வருஷம் நீங்கதான் தலைவரா இருக்கோணும். உங்களை உட்டா வேற ஆளே இல்லீங்க.”

கையோடு ஒரு டி-ஷர்ட்டையும் நீட்டினார். முதுகில் ‘தலைவர்’ என்று அச்சடித்திருந்தது.

திருப்பூர்க்காரன் கை சும்மா இருக்குமா? கழுத்து லேபிளைப் புரட்டிப் பார்த்தேன். டபுள் எக்ஸ்எல். நான் மீடியம்.

மன்றத்தில் அந்த அளவு போடுகிறவர் எங்கள் பொருளாளர் மட்டும்தான். சம்பளமில்லாத இந்தப் பதவிக்கு வருஷக்கணக்காக ஆசைப்பட்ட மனிதர்.

“அவரு வேண்டாம்னுட்டாருங்களா?”

“துவைச்சா சுருங்கிக்குமுங்க,” என்றார் செயலாளர்.

எதைப் பார்த்துப் பொருளாளர் பின்வாங்கினார்? தெரிந்தவர்கள், நான் இதைத் துவைப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.