பனிக்குடத் தோல்

அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு போகாமல் விரல் நுனியில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வெள்ளைத் தோல் உண்டு. ஏழாம் வகுப்பு படித்த வருடம், பாகலூர்ப் பள்ளியின் குழாயடியில், சத்துணவு முட்டையிலிருந்து அதைக் கிழியாமல் எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணுக்கு நேரே பிடித்து வெயிலைப் பார்த்தேன். வெளிச்சம் தெரிந்தது. எதிரே நின்ற புளியமரம் தெரியவில்லை. அப்பாவுக்கும் இவ்வளவுதான் தெரிகிறதா என்று பார்க்கத்தான் அப்படிச் செய்தேன்.

அப்பா ஊருக்கு வெளியே ஒரு முலாம் பூசும் பட்டறையில் வேலை செய்தார். எண்ணெய்ப் பிசுக்கு போவதற்காக நட்டு, போல்ட்டுகளைக் கம்பிக் கூடையில் போட்டு, "காஸ்டிக்" என்கிற அரிக்கும் காரக் கரைசல் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். அந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு காலை, கூடை கொக்கியிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழ, தெறித்தது இரண்டு கண்களிலும் பட்டுவிட்டது. கூட இருந்தவர்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் இரண்டு சொம்பு ஊற்றிவிட்டு அவசரமாக வண்டியில் ஏற்றினார்கள். ஓசூரில் பார்த்துவிட்டுப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். கண்ணாடி போடாதது அவர் தப்பு என்றார் பட்டறைக்காரர். அந்தப் பட்டறையில் கண்ணாடி என்று ஒன்று இருந்ததே இல்லை.

வலது கண் அன்றைக்கே போய்விட்டது. இடது கண்ணுக்கு ஒரு வழி இருப்பதாகப் பெங்களூர் டாக்டரம்மா, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"பனிக்குடம் இருக்குதல்லவா அம்மா, அதோட தோலு. பிரசவமானவங்க கொடுப்பாங்க. அத கண்ணு மேலே வெச்சுத் தைப்போம். ஸ்வல்ப நாள்ல அடியிலே புண்ணு ஆறும்."

 "யாரு பெத்த புள்ளையோடதுங்க?" என்றாள் அம்மா. அதெல்லாம் சொல்லமாட்டோம் என்று டாக்டரம்மா சிரித்தார். பெயர் தெரியாத அந்தக் குழந்தைக்காகவும் அதன் தாய்க்காகவும் அம்மா ஞாயிறுதோறும் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

தைத்த புதிதில் அப்பாவுக்கு எல்லாம் பால் கலங்கினாற்போல் இருந்தது. அந்தத் தோல் கரையக் கரைய, மூன்றாவது வாரம், பள்ளிக்குக் கிளம்பி நின்ற என் பக்கம் திரும்பி, "ரிப்பன் செவப்பு தானே பாப்பா?" என்றார். சிவப்புதான். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "கிறிஸ்மஸுக்குள்ள வேலைக்குப் போயிருவேன்டி" என்று அப்பா சொல்ல, அந்தப் பட்டறையையா சொல்கிறார் என்றுகூடக் கேட்காமல் நாங்கள் தலையாட்டினோம்.

பத்து நாள்தான். கருவிழியின் மேல் சிவப்பு நரம்புகள் ஏறின. அதன் பின்னால் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. இன்னொரு தடவையும் பனிக்குடத் தோல் வைத்தார்கள். அதுவும் கரைந்தது. "மேலே வெச்சது கரைஞ்சுபோச்சு, அடியிலே ஒண்ணும் வளரலே, இனிமே வெச்சுப் பிரயோஜனமில்ல" என்றார் டாக்டரம்மா, எங்களைப் பார்க்காமல்.

அதற்கு அடுத்த வாரம்தான் நான் முட்டைத் தோலைக் கண்ணருகே பிடித்தது. சாயங்காலம் அம்மாவிடம், அப்பா கண்ணுக்கு எல்லாம் எப்படித் தெரிகிறதென்று எனக்குத் தெரியும் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அந்த முட்டையத் தின்னியா, எறிஞ்சியா?"

"தின்னுட்டேன்மா."

"நல்லது" என்றாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் கண்ணைப் பற்றிப் பேசவில்லை.

அந்தப் பட்டறை இப்போது இல்லை; அங்கே அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் நாள், கண்ணில் இப்படி ஏதாவது பட்டால் எங்கும் ஓடாமல் அங்கேயே கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர்விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு சொம்பு என்பது எவ்வளவு நேரம் என்று வகுப்பில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு விடுமுறை நாள். மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக வெயில் நேரே அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"லைட்டு போடலையா பாப்பா?" என்றார்.

 நான் போய்ச் சுவிட்சைத் தட்டினேன். அந்த டியூப்லைட் எரியாமல் போய் ஒரு வாரமாகியிருந்தது.

"ம், இப்பத் தெரியுது" என்றார் அப்பா.